தட்டிக்கு அந்தப் பக்கம்

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்பியதாக ஆகிவிடும். பிரம்பை நான் அதிகம் தொட்டதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. நம்ம வாத்தியார் அடிக்க மாட்டார் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். பிரம்பு செய்ய வேண்டிய வேலையை எல்லாம் என் நாக்கே பார்த்துக்கொண்டது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் வாத்தியார்ப் பயிற்சி முடித்த கையோடு, சீவலப்பேரிக்குக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்கு மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்த என்னை அனுப்பினார்கள். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு ஏழெட்டு வருஷம் முந்தி. பள்ளிக்கூடமும் வீடும் ஒரே கூரைக்குக் கீழேதான். நீளமான மண்சுவர்க் கட்டடம், மேலே பனையோலை. நடுவில் ஓர் ஓலைத் தட்டியைக் கட்டி, ஒரு பாதி பள்ளிக்கூடம், மறு பாதி வாத்தியார் வீடு என்று பிரித்திருந்தார்கள். தட்டி கூரை வரைக்கும் எட்டவில்லை. வீட்டில் கடுகு தாளித்தால் பையன்கள் தும்முவார்கள். நான் பையன்களை ஏசினால் அது அடுக்களை வரைக்கும் போகும். போகும் என்பது எனக்குத் தெரியும். போய் என்ன செய்யும் என்று நான் யோசித்ததில்லை.

வந்த மறுவருஷம் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி சாத்தான்குளத்துப் பக்கம், பனங்காட்டு ஊர். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. வீடு வீடாக வந்து வேதம் வாசித்துக் காட்டுகிற ஒரு பெண்மணியிடம் எழுத்துக் கற்று, புதிய ஏற்பாட்டை விரல் வைத்து வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. அவர்கள் வீட்டில் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். பாகு எந்த நொடியில் அடுப்பை விட்டு இறங்க வேண்டும் என்பதை மற்றவர்கள் கொப்பரையை எட்டிப் பார்த்து, துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கண்டுபிடிப்பார்கள். இவளுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும் என்று என் மாமியார் சொன்னபோது நான் சிரித்தேன். முதல் கோடையில் அவர்கள் ஊருக்குப் போனபோது கண்ணால் பார்த்தேன். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "இறக்குங்க" என்றாள். இறக்கினார்கள். பதம் தப்பவில்லை.

எங்கள் ஊருக்கு வந்த பிறகும் அப்படித்தான். கோயில் அசன விருந்துக்கு முந்நூறு பேர் சாப்பிடும் சோற்றைக் குழையாமல் வடித்துக் கொடுத்தாள். காய்ச்சல் காலத்தில் ஊரே சுருண்டு கிடந்தபோது வீட்டுக்கு வீடு கஞ்சி கொண்டுபோய், முகம் கோணாமல் ஊட்டிவிட்டு வந்தாள். நான் எட்ட நின்று விசாரிப்பதோடு சரி.

இத்தனை இருந்தும் தன்னைப் பற்றி அவள் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது. அப்பன் வீட்டிலிருந்து வந்த புதிதில் கலகலவென்று பேசியவள்தான். போகப்போக, "நான் ஒரு கூறுகெட்டவ", "என் மண்டையில எங்கன ஏறப்போவுது" என்று சொல்லாத நாள் இல்லை. யாராவது பாராட்டினால் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவனுக்கு அடக்கமான பெண்டாட்டி வாய்த்ததாக எனக்குள் ஒரு மிதப்பு வேறு.

பையன்கள் முப்பத்தொரு பேர். அவர்களைத் தவிர எட்டுப் பெண்பிள்ளைகளும் படித்தார்கள். வளர்ந்த பெண்களை ஆண் வாத்தியார் முன்னால் உட்கார வைக்க ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டு முன்கட்டில் அவர்களுக்குத் தனி வகுப்பு. பக்கத்து ஊரிலிருந்து ஓர் உபாத்தினி அம்மாள் நடந்து வந்து நடத்தினார். என் கல்யாணத்துக்கு நாலு வருஷம் கழித்து, அந்த அம்மாளின் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள். எட்டுப் பிள்ளைகளும் சிலேட்டோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதை விசாரிக்கத்தான் எங்கள் குருவானவர் வில்வண்டியில் வந்தார். பெரியவர், நிதானமானவர். வந்த இடத்தில் பையன்களையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று, "பதினாறு பதினாறு எம்புட்டுலே?" என்று கேட்டார். பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு ஏச்சு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, அரிசி புடைக்கிற சத்தத்தோடு, "இருநூத்தம்பத்தாறு" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. உடனே 'பட்' என்று ஒரு சத்தம். தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள் என்று பிற்பாடுதான் புரிந்தது.

குருவானவர் என்னைப் பார்த்தார். "யாருவே அது?"

"என் வீட்டுக்காரிதான் ஐயா."

"நீர் படிச்சுக் குடுத்தீரா?"

நான் ஒரு நாளும் ஓர் எழுத்துகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் தட்டியோரம் போய் நின்று, அங்கிருந்தபடியே பல கேள்விகள் கேட்டார். அரைக்கால் வாய்ப்பாடு, ஜில்லாவின் தாலுகாக்கள், மழை எப்படிப் பெய்கிறது, ஆறு எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, ஒவ்வொரு பதிலும் பயந்துகொண்டே வந்தது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை நான் கத்திய பாடம் அத்தனையும், நாலு வருஷமாக, அடுப்படியில் நின்ற அவள் காதில் ஏறித் தங்கியிருந்தது. பாகு கொதிக்கிற சத்தத்தில் பதம் கண்டவளுக்கு வாய்ப்பாடு எம்மாத்திரம்? இந்த ஊரில் என்னிடம் படித்தவர்களில் முதல் மாணவி அவள்தான், அவள் முகத்தைப் பார்த்து ஒரு பாடமும் நான் நடத்தியதில்லை.

"அப்ப கவலை விட்டுது" என்றார் குருவானவர். "ஏம்மா, பிசான நெல்லறுப்பு முடிஞ்சதும் மிஸ்ஸியம்மா வருவாக. அதுக்குள்ள நீ பிள்ளைகளை நடத்த ஆரம்பிச்சிரு. அவுக வந்து பாக்கும்போது ஒரு பொம்பளை நின்னு பாடம் நடத்தினா வகுப்பு நிக்கும். இல்லன்னா மூடிருவாக."

மிஸ்ஸியம்மாள் என்று நாங்கள் சொல்வது, மிஷனின் பெண்பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்கார அம்மாளை. அவர் எழுதுவதுதான் முடிவு.

தட்டிக்கு அந்தப் பக்கம் முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு வராது ஐயா. நான் கூறுகெட்டவ" என்று வந்தது.

குருவானவர் போன பிறகும் அவள் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் அவளை அசைத்தது நானும் இல்லை, குருவானவரும் இல்லை. அந்த எட்டுப் பேரில் இரண்டு பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறாள் என்ற ஒரே சாக்கில் தாய்மார் தள்ளிப்போட்டு வந்தார்கள். அதில் ஒருத்தி, பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் தாய், கொல்லைப்புறமாக வந்து என் மனைவியிடம் சொன்னாள்: "நீங்க நின்னாத்தான் எம்பிள்ளை இன்னும் ரெண்டு வருசம் எங்கிட்ட இருப்பா. வகுப்பு மூடினா மறுநாளே தாம்பாளத்தோட வந்துருவாக." என் மனைவி அவளுக்கு மோர் கொடுத்தாள். மறுநாள் காலை எட்டுப் பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

வகுப்பு நடந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போது சரியாகத்தான் இருக்கும். எழுந்து நின்று நடத்த வேண்டும் என்றால் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்துவிடுவாள். நான் தட்டியோரம் போய் உற்சாகப்படுத்துவேன். அதுவரை உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் நின்றுவிடும். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்ததைச் சொல்ல இவளுக்கு என்ன கேடு என்று உள்ளூர எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை ஆற்றுக்குக் குளிக்கப் போனவன், சீயக்காய்ப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பினேன். பின்வாசலுக்கு வந்தால் உள்ளே பாடம் நடக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அவள் மட்டும்தான். அம்மியையும் குடங்களையும் பிள்ளைகளாகப் பாவித்துக்கொண்டு நின்று, முக்கால் வாய்ப்பாட்டை நடத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்த தலை, கணீரென்ற குரல். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டியவர்கள்கூட அப்படி நின்றதில்லை. நான் அப்படியே வாசல்படியில் நின்றுவிட்டேன்.

"ஏழு முக்கால் அஞ்சே கால். எட்டு முக்கால் ஆறு. ஒம்பது முக்கால் ஏழு..."

நிறுத்தினாள். ஆறே முக்கால் என்று வர வேண்டும்; தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. முகம் கறுத்தது. தோள் இறங்கிற்று. பிறகு 'க்கும்' என்று ஒரு கனைப்புக் கனைத்தாள். ஆண்பிள்ளைக் கனைப்பு. தொடர்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "கூறுகெட்ட மூதி. மரமண்டை. உனக்கு எங்கன வரப்போவுது?"

அந்தக் கனைப்பு என்னுடையது. 'மூதி'க்கும் 'மரமண்டை'க்கும் நடுவில் விட்ட இடைவெளி என்னுடையது. 'எங்கன' என்பதில் குரலை இழுத்துக் கீழே போடுகிற இழுப்புகூட நான் இழுப்பதுதான். பள்ளிக்கூடத்தில் நாளுக்கு இருபது தடவை நான் சொல்வதை, ஒரு மாத்திரைகூடக் குறையாமல், தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதைப் பலரிடம் சொல்லிப் பெருமை பேசியும் இருக்கிறேன். சொல்லாமலா இருந்தேன்? தினமும் சொல்லியிருக்கிறேன். பாடம் எந்த வழியாக அவளுக்குப் போனதோ அதே வழியாகத்தான் இதுவும் போயிருக்கிறது. ஒவ்வொரு வாய்ப்பாட்டோடும் ஓர் ஏச்சைச் சேர்த்தே அவள் படித்திருக்கிறாள். பையன்களுக்கு எறிந்தது என்று நான் நினைத்த ஒவ்வொன்றையும் அவள் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

சத்தம் போடாமல் ஆற்றுக்குத் திரும்பிப் போய், சீயக்காய் இல்லாமலே முழுகினேன். கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு, அம்மிக்கு நடத்துவதையும் விட்டுவிடுவாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதி, கோழைத்தனம்.

அதற்குப் பதிலாக, திங்கட்கிழமை முதல் பையன்களை ஏசுவதில்லை என்று முடிவு செய்தேன். நாக்கைக் கட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று அன்றுதான் தெரிந்தது. கோபம் வரும்போதெல்லாம் எழுந்து போய்ப் பானைத் தண்ணீர் குடிப்பேன். பையன்கள் மிரண்டுபோனார்கள். அந்த வாரக் கடைசியில் ஒரு தகப்பன் வயல் வரப்பில் என்னை வழிமறித்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான இருக்கேன்."

"இல்ல, பய வந்து, வாத்தியாரு ஏசவே மாட்டேங்காரு, தண்ணியாக் குடிக்காருன்னு சொல்லுதான். சீவலப்பேரியில நல்ல வைத்தியரு ஒருத்தரு இருக்காரு."

நான் ஏசுவதை நிறுத்தினால் அவளுக்குள் இருக்கிற ஏச்சும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. நாலு வருஷம் கேட்டது நாலு நாளில் போகுமா? நான் வாயை மூடிய பிறகும் என் குரல் அவளுக்குள் ஓய்வொழிச்சல் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது. அதைப் போய் அடக்க எனக்கு வழி தெரியவில்லை.

வழியை அவளே கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்காது.

மத்தியானம் பையன்கள் சாப்பிடப் போன பிறகு நான் உட்கார்ந்து சிலேட்டுகளைத் திருத்துவேன். அந்தப் பக்கம் அவள் கரித்துண்டால் சுவரில் எழுதிப் பழகுவாள். ஒரு நாள் அந்தக் கனைப்புக் கேட்டது, "உனக்கு எங்கன வரப்போவுது" கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு வேறொரு குரல் கேட்டது, அவளுடைய சொந்தக் குரல்.

"எதை வச்சுச் சொல்லுதிய?"

என்னைத்தான் கேட்கிறாள் என்று ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. இல்லை. அவளுக்குள் பேசியவனைக் கேட்கிறாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு மரியாதை குறையாமல் சொன்னாள்: "நேத்து எட்டு எழுத்து எழுதினேன். எட்டும் சரியா இருந்துது. அப்ப வந்துதா, வரலையா? பதிலக் காணமே. பதில் இல்லன்னா சும்மா இருங்க."

மிஸ்ஸியம்மாள் பரீட்சை வைக்கிற மாதிரி, அந்தக் குரலுக்கே பரீட்சை வைத்தாள். அது 'வராது' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஆதாரம் கேட்டாள். அதனிடம் ஏது ஆதாரம்? எனக்கே இருந்ததில்லையே. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

எடுத்த எடுப்பில் ஜெயித்துவிடவில்லை. சில நாள் குரல் கெலித்துவிடும். கரித்துண்டைப் போட்டுவிட்டு அவள் அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வது எனக்குக் கேட்கும். ஆனால் மறுநாள் திரும்பவும் எழுந்து நின்று அதைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். ரெண்டு வாரத்தில் மரியாதை கொஞ்சம் இறங்கிற்று. "நீரு முக்கால் வாய்ப்பாட்டைத் தப்பில்லாம ஒரு தடவை சொல்லும்வே, பாப்பம்" என்று, சந்தையில் ஆண்பிள்ளைகள் பேசிக்கொள்கிற தோரணையில் கேட்டாள். முக்கால் வாய்ப்பாட்டில் பத்துக்கு மேல் நானே தடுமாறுவேன் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அறுப்பு நெருங்கியபோது, "ஏலே, சும்மா கெட" என்ற அளவுக்கு வந்துவிட்டது. தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு, பெண்டாட்டி வாயால் 'ஏலே' கேட்டு ரோஷப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. கும்பிடத்தான் தோன்றியது. நான் கோபத்தை அடக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னையே எதிரில் நிறுத்தி நேருக்கு நேர் பேசிவிட்டாள்.

அறுப்பு முடிந்தது. மிஸ்ஸியம்மாள் குருவானவரோடு வில்வண்டியில் வந்தார். நெட்டையான உருவம், வெள்ளைக் குடை, புத்தகத்தில் படித்த தமிழ். நேரே வீட்டு முன்கட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். நான் பையன்களுக்குச் சிலேட்டில் எழுத வேலை கொடுத்துவிட்டுத் தட்டியை ஒட்டி நின்றேன். எனக்கு உள்ளே வேலையில்லை. நாலு வருஷம் அவள் எப்படி இருந்தாளோ, அப்படிக் காதை மட்டும் வைத்துக்கொண்டு நான் நிற்க வேண்டியதாயிற்று.

வாய்ப்பாடு நன்றாகப் போயிற்று. வாசிப்பும் போயிற்று. அடுத்தது பூகோளம், எங்கள் ஆற்றைப் பற்றிய பாடம். அன்று காலை பெட்டியிலிருந்து ஜில்லாப் படத்தை எடுத்து அவளிடம் நான்தான் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதை எப்போதும் வடக்குச் சுவரில் மாட்டுவோம். முன்கட்டில் ஆணி இருந்தது தெற்குச் சுவரில். ஆணி இருந்த இடத்தில் அவள் மாட்டிவிட்டாள். அதில் என்ன வரும் என்று எனக்கும் உறைக்கவில்லை.

அவள் கோலை வைத்து ஆற்றைக் காட்டியதும் ஒரு பிள்ளை சொன்னாள்: "அம்மா, ஆறு மலையைப் பாக்க ஏறுதே."

நிஜம்தான். எங்கள் ஆறு மேற்கே மலையில் பிறந்து கிழக்கே கடலுக்குப் போகிறது. வீட்டுக்குப் பின்னால் அது ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தெற்குச் சுவரில் மாட்டிய படத்திலோ கிழக்கு மேற்காகத் திரும்பிவிட, ஆறு மலை இருக்கிற திசையைப் பார்த்து ஓடிற்று. தினம் அந்த ஆற்றில் குடம் முக்குகிற பிள்ளைகள் அதை எப்படி ஒத்துக்கொள்வார்கள்?

உள்ளே படபடவென்று சத்தம். படத்தை ஆணியிலிருந்து கழற்றுகிறாள்.

"நீ ஏன் அதைச் சுவரிலிருந்து எடுக்கிறாய்?" என்று மிஸ்ஸியம்மாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆனாலும் அவருடைய தமிழில் எல்லாமே கொஞ்சம் கறாராகத்தான் ஒலிக்கும்.

படத்தைக் கழற்றுகிற சத்தம் நின்றது. அந்த மௌனத்தில் அவளுக்குள் என்ன நடக்கிறது என்று இந்த உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அங்கே யார் கனைக்கிறான், என்ன சொல்லப் போகிறான் என்று எழுத்துக்கு எழுத்துத் தெரியும். என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன்.

அப்போது அவள், ஊருக்கே கேட்கும்படி, "கொஞ்சம் சும்மா இரும்வே" என்றாள்.

குருவானவர் இருமினார். பையன்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். மிஸ்ஸியம்மாள், "என்னையா சொல்கிறாய்?" என்றார்.

"ஐயோ, உங்களை இல்ல மிஸ்ஸியம்மா. எனக்குள்ள ஒரு வாத்தியாரு உக்காந்திருக்காரு. நான் எதைச் செய்யப் போனாலும் உனக்கு வராதும்பாரு. அவரச் சொன்னேன்."

"அவர் இப்போது சும்மா இருக்கிறாரா?" என்று மிஸ்ஸியம்மாள் கேட்டார்.

"இருக்காரு" என்றாள் என் மனைவி. "படத்தைத் தப்பான சுவத்துல மாட்டிட்டேன். அது என் தப்புதான். அதான் தரையில போடுதேன். பிள்ளைகளா, எல்லாரும் எந்திங்க. மலை எந்தப் பக்கம்? அங்கன. அப்ப படத்துல இருக்க மலையையும் அந்தப் பக்கம் திருப்புங்க. கடல் இங்கன. இப்பப் பாருங்க, நம்ம ஆறு ஓடுத பக்கமா இதுவும் ஓடுதா?"

எட்டுப் பேரும் படத்தைச் சுற்றி நடக்கிற கால்சத்தம் கேட்டது. சிற்றாறு வந்து சேருகிற இடத்தில் ஒருத்தி விரலை வைத்து, "இது சீவலப்பேரி. எங்க அத்தை ஊரு" என்றாள். இன்னொருத்தி எங்கள் ஊரைத் தேடினாள். படத்தில் இல்லை. "பேரு போடலன்னாலும் நாம இங்கனதான் இருக்கோம்" என்று என் மனைவி ஓர் இடத்தைக் காட்டினாள். அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லை. தப்பு செய்தேன் என்பதையும் அதே குரலில்தான் சொன்னாள். தப்பு செய்வது வேறு, கூறுகெட்டவளாக இருப்பது வேறு என்பது எனக்குப் பயிற்சிப் பள்ளியில் தெரியவில்லை. தட்டியோரம் நின்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

மிஸ்ஸியம்மாள் பெரிதாக ஒன்றும் புகழவில்லை. எழுத்து இன்னும் திருந்த வேண்டும், பிள்ளைகளின் நகங்களைப் பார்க்க வேண்டும் என்றார். வண்டியில் ஏறுமுன் குருவானவர் என்னிடம் வந்து, "வகுப்பு நிக்குதுவே. உம்ம வீட்டுக்காரிதான் உபாத்தினி" என்றார். கொல்லைப்புறம் அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் தாய் காத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எல்லோரும் போன பிறகு அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனுஷனில்லை என்று பட்டது.

"ஏளா, அந்த வாத்தியாரு நான்தான். அம்புட்டும் என் வார்த்தை. பின்வாசல்ல நின்னு கேட்டேன். அதுக்கப்புறம் மத்தியானம் மத்தியானமும் கேட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவள் ஆச்சரியப்படவில்லை. "கேக்குதியன்னு தெரியும். தட்டி ரெண்டு பக்கமும்தான கேக்கும்" என்றாள். படத்தை என் கையில் கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பைய சொன்னாள்:

"நான் பெரிய மனுஷி. எதுத்துக் கேள்வி கேட்டுட்டேன். அங்கன முப்பத்தொரு பேரு இருக்கானுவ. அவனுவளுக்குக் கேக்கத் தெரியுமா?"

ஏசுவதை நிறுத்தியதே பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குத் தட்டியைத் தாண்டிப் போனது, அவர்களுக்கு நேருக்கு நேர் போயிருக்கிறது.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் பையன்களை உட்காரச் சொல்லாமல் நிறுத்தினேன். "நான் உங்களைக் கூறுகெட்டவன்னு சொன்னதும், மரமண்டைன்னு சொன்னதும் பொய். தெரியாமச் சொல்லிட்டேன். உங்களுக்குப் படிப்பு வரும்" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் நம்பவில்லை. முன்வரிசையில் ரெண்டு பேர், எனக்கு நிஜமாகவே சுகமில்லை என்று முடிவு கட்டியதுபோலத் தள்ளி நின்றார்கள். எப்படி நம்புவார்கள்? இத்தனை வருஷமாக அவர்களுக்குள் பேசிக்கொண்டிருப்பவனும் நான்தானே, அவன் வேறு மாதிரி அல்லவா சொல்லியிருக்கிறான்.

ஒரே நாளில் தீருகிற காரியம் இல்லை என்று தெரிந்தது. சிலேட்டை எடுக்கச் சொன்னேன். கணக்கைப் போட்டேன். முதல் பையன் தப்பாகச் சொன்னான். சொல்லிவிட்டு, ஏச்சுக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தப்பிற்று, நீயே பார்த்துச் சொல் என்று கேட்டுவிட்டு, அவன் கண்ணைத் திறக்கிறவரை காத்திருந்தேன்.